சரக்கு விமான விபத்தும் சர்வேயரின் வேலையும்

சரக்கு விமானம் ஒன்று விபத்துக்குள்ளானால் பத்திரிகைகளில் முதல் நாள் விமானிகளின் கதி வரும். இரண்டாம் நாள் கறுப்புப் பெட்டி கிடைத்ததா என்பது வரும். மூன்றாம் நாள் செய்தி உள்பக்கத்துக்குப் போய்விடும். உள்ளே இருந்த சரக்கு யாருடையது, அதில் போட்ட முதல் என்ன ஆயிற்று என்று யாரும் எழுதுவதில்லை. அந்தக் கணக்கைப் பார்க்க வருகிறவர்தான் இன்சூரன்ஸ் சர்வேயர்.

விமானச் சரக்குக்கும் மளிகைக்கடைக்கும் என்ன சம்பந்தம் என்று நம் உறுப்பினர்கள் சிலர் கேட்கக்கூடும். திருச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளுக்குக் காய்கறியும் வெற்றிலையும் பூவும் விமானத்தில்தான் போகின்றன. அனுப்புகிறவர்களில் பெரிய ஏற்றுமதியாளர்கள் மட்டுமல்ல, மார்க்கெட்டில் கமிஷன் மண்டி வைத்திருப்பவர்களும் உண்டு. குங்குமப்பூ, ஏலக்காய் போன்ற விலை கூடிய சரக்கைத் தருவிப்பவர்களும் உண்டு. லாரி கவிழ்ந்தால் மறுநாளே ஆளனுப்பி மூட்டையை எண்ணிவிடலாம். விமானம் வெளிநாட்டில் விழுந்தால் நாம் போய்ப் பார்க்க முடியாது. நமக்குக் கண்ணாக இருக்கப் போகிறவர் நாம் முகம் பார்த்திராத ஒரு சர்வேயர். அவர் எதைப் பார்ப்பார், எதைக் கேட்பார் என்று தெரிந்துகொள்வது நல்லது.

இடிபாட்டருகே நிற்பவர்கள்

விபத்து நடந்த இடத்தில் கோப்பும் காமிராவுமாக நிற்கிற எல்லாரும் ஒரே வேலையாக வந்தவர்கள் அல்லர். முதலில் உள்ளே போகிறவர்கள் அந்த நாட்டு அரசின் விமான விபத்து விசாரணைக் குழுவினர். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் 13-ஆம் இணைப்பு இவர்களுடைய நோக்கத்தைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: மீண்டும் இப்படி ஒரு விபத்து நேராமல் தடுப்பது மட்டுமே; யார்மீது குற்றம், யார் நஷ்டஈடு தரவேண்டும் என்று தீர்ப்பது இவர்கள் வேலையல்ல.

அடுத்து விமானத்தின் உடலுக்கு இன்சூரன்ஸ் கொடுத்த கம்பெனியின் சர்வேயர். விமானம் தேறுமா, உதிரி பாகங்களுக்கு என்ன விலை வரும் என்பதே அவர் கவலை. விமானக் கம்பெனியின் பொறுப்புக்கு இன்சூரன்ஸ் கொடுத்தவர்கள் அனுப்பும் ஆள் இன்னொருவர். இவருக்கும் நம் சரக்கில் அக்கறை உண்டு, ஆனால் எதிர்ப்பக்கத்திலிருந்து: சரக்கு ஏற்கெனவே கெட்டிருந்ததா, பேக்கிங் மோசமா என்று துருவுவார். கடைசியாக வருகிறவர்தான் நம் சரக்குப் பாலிசியின் சர்வேயர். ஒரே விமானத்தில் நூற்றுக்கணக்கான வியாபாரிகளின் சரக்கு இருக்கும்; அவற்றுக்குப் பல கம்பெனிகள் பாலிசி கொடுத்திருக்கும்; ஆகவே இந்த வகை சர்வேயர்களே பலர் இருப்பார்கள். வெளிநாட்டு விபத்தானால், நமது இன்சூரன்ஸ் செர்டிபிகேட்டில் அச்சடித்திருக்கும் அந்த ஊர் ஏஜெண்டு மூலமாக சர்வேயர் அமர்த்தப்படுவார். லண்டன் லாயிட்ஸ் நிறுவனம் உலகத் துறைமுகங்களில் இப்படி ஏஜெண்டுகளை வைக்கும் முறையை 1811-லேயே தொடங்கிவிட்டது. கப்பலுக்காக வந்த அந்த ஏற்பாடுதான் இன்று விமானத்துக்கும் பயன்படுகிறது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. "விசாரணை முடியட்டும், காரணம் தெரியட்டும், பிறகு கிளெய்ம் போடலாம்" என்று காத்திருப்பவர்கள் நம்மில் அதிகம். அது வீண் காத்திருப்பு. 1996 செப்டம்பர் 5-ஆம் தேதி அமெரிக்காவில் ஃபெடெக்ஸ் கம்பெனியின் டி.சி.-10 சரக்கு விமானம் ஒன்று, உள்ளே புகை வந்ததால் நியூயார்க் மாநிலம் நியூபர்க் நகரில் அவசரமாக இறங்கியது. ஐந்து பேரும் தப்பினார்கள். விமானமும் சரக்கும் தீயில் நாசமாயின. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விரிவாக ஆராய்ந்தும் தீ எதனால் பற்றியது என்று முடிவாகச் சொல்ல முடியவில்லை. காரணம் தெரிந்தால்தான் பணம் என்றிருந்தால் அந்தச் சரக்குக்காரர்கள் இன்றைக்கும் காத்திருக்க வேண்டியதுதான். விமானச் சரக்குக்கு வழக்கமாகத் தரப்படும் அனைத்து அபாயப் பாலிசியில் நாம் காட்ட வேண்டியது இரண்டே: சரக்கு நல்ல நிலையில் விமானத்தில் ஏறியது, வழியில் எதிர்பாராமல் நாசமானது. விதிவிலக்கில் வருகிறது என்று சொல்வதானால் அதை நிரூபிக்க வேண்டியது கம்பெனி. சர்வேயரின் அறிக்கை இந்த இடத்தில்தான் நமக்குத் துணையாகவோ பாதகமாகவோ முடிகிறது.

சரக்கு மிஞ்சியிருந்தால்

2008 மே 25-ஆம் தேதி பெல்ஜியம் நாட்டு பிரஸ்ஸல்ஸ் விமான நிலையத்தில் காலிட்டா ஏர் கம்பெனியின் போயிங் 747 சரக்கு விமானம் பஹ்ரைனுக்குப் புறப்பட ஓடியது. ஓர் எஞ்சினுக்குள் பறவை புகுந்தது, பலத்த சத்தம். நிறுத்தக்கூடிய வேகத்தைத் தாண்டிய பிறகு விமானி ஓட்டத்தைக் கைவிட்டார். விமானம் ஓடுபாதையைக் கடந்து போய், ரயில் பாதைக்கு மேலே உள்ள கரையின் ஓரத்தில் மூன்று துண்டாகி நின்றது. தீப்பிடிக்கவில்லை. உள்ளே இருந்த ஐந்து பேருக்கும் உயிருக்கு ஆபத்தில்லை.

இம்மாதிரி விபத்தில்தான் சர்வேயருக்கு உண்மையான கைவேலை. உடைந்த விமானத்துக்குள் சரக்கு இருக்கிறது. வலைபோட்டுக் கட்டிய பாலெட்டுகள் சரிந்திருக்கும், சில கிழிந்திருக்கும், சில அப்படியே இருக்கும். விசாரணைக் குழு அனுமதிக்கும் வரை ஒரு பெட்டியையும் அசைக்க முடியாது. எடை எப்படிப் பங்கிடப்பட்டிருந்தது என்பதும் அவர்களுக்குத் தடயம். அனுமதி வந்ததும் சரக்கு கொட்டகைக்குப் போகிறது. அங்கே சர்வேயர் ஒவ்வொரு பெட்டியின் ஒட்டுச்சீட்டில் உள்ள ஏர்வே பில் எண்ணைக் குறித்து, பாலெட் எண்ணோடு ஒத்துப் பார்த்து, எடை போட்டு, படம் எடுக்கிறார். சீட்டு கிழிந்து போன பெட்டிகள் அடையாளம் தெரியாத குவியலாகத் தனியே கிடக்கும். பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் பெயரும் குறியும் எழுதி அனுப்பியவர்களின் சரக்கு பெரும்பாலும் அந்தக் குவியலில்தான் போய்ச் சேரும். நான்கு பக்கமும் குறி போடுவதற்கு ஆகும் மை செலவு சில ரூபாய்.

பிறகு தன்மை. வெளியே பெட்டி நன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பது தேறுமா என்பது வேறு கேள்வி. விமான எரிபொருள் மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்தது. அதன் வாடை பட்ட மிளகு, மஞ்சள், தேயிலை எல்லாம் பார்வைக்குப் பழுதில்லாமல் இருக்கும். வாயில் வைக்க முடியாது. தீயணைப்பு நுரை பட்ட சாக்கும் அப்படியே. ஆகவே மசாலா, தேயிலை போன்ற சரக்கில் சர்வேயர் மாதிரி எடுத்துச் சோதனைச் சாலைக்கு அனுப்புவார். நல்ல சர்வேயர் ஒரே மூட்டையில் எடுக்க மாட்டார். மேல், நடு, அடி என்று பல பெட்டிகளில் எடுத்து, முத்திரையிட்டு, ஒரு பகுதியை நம் தரப்புக்கும் கொடுப்பார். கொடுக்கவில்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

இந்தக் கட்டத்தில் நம்மவர்கள் செய்யும் தவறு, "எல்லாம் போய்விட்டது, இனி இன்சூரன்ஸ்காரன் பாடு" என்று கையை உதறுவது. பாலிசி அப்படிச் சொல்லவில்லை. நஷ்டத்தைக் குறைக்க நியாயமான முயற்சி செய்வது சரக்குக்காரரின் கடமை என்று அதிலேயே எழுதியிருக்கிறது. இன்சூரன்ஸே இல்லாதவன் எப்படிப் பதறி ஓடிப் பிரித்துக் காயவைத்து விற்றிருப்பானோ, அப்படி நடந்துகொள்ள வேண்டும். அதற்கு நியாயமாக ஆகும் செலவு கிளெய்மில் சேரும். ஆனால் சர்வேயர் பார்க்குமுன் விற்றுவிடவோ கொட்டிவிடவோ கூடாது. அழுகும் பொருளாக இருந்து காத்திருக்க முடியாதென்றால் தந்தியடிக்கிற அவசரத்தோடு தகவல் கொடுத்து, படமும் எடைச்சீட்டும் வைத்துக்கொண்டு செய்ய வேண்டும்.

தேறிய சரக்கை சர்வேயர் ஏலத்துக்கோ டெண்டருக்கோ விடச் சொல்வார். உணவுப் பொருளில் இதற்கு எல்லை உண்டு. சுகாதார அதிகாரி மனிதர் உண்ணத் தகாதது என்று எழுதிவிட்டால் விற்க முடியாது. அழித்ததற்கான சான்றிதழ் கிளெய்மோடு போக வேண்டும். 

இனி கணக்கு. இதில்தான் சண்டை வருகிறது. சற்று நிதானமாகப் பார்ப்போம். ஒரு வியாபாரியின் சரக்கு விலை, கூலி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்து 10,00,000 ரூபாய். வழக்கப்படி 10 சதவீதம் கூட்டி 11,00,000-க்குப் பாலிசி எடுத்திருக்கிறார். அடிபட்ட சரக்கு எப்படியோ போய்ச் சேரும் ஊருக்கே வந்துவிட்டது. நல்ல நிலையில் வந்திருந்தால் அங்கே 12,00,000-க்குப் போயிருக்கும். இப்போது 3,00,000-க்குத்தான் போகிறது. போன மதிப்பு 9,00,000. அதாவது நல்ல விலையில் 75 சதவீதம். ஆகவே பாலிசித் தொகையில் 75 சதவீதம், 8,25,000 ரூபாய் கிடைக்கும். பாலிசித் தொகையில் விற்ற பணத்தைக் கழித்துக் கணக்குப் பார்ப்பவர்கள் 8,00,000-தானே என்பார்கள். அந்த முறையும் உண்டு. ஆனால் அது சரக்கு ஊர் போய்ச் சேராமல், விபத்து நடந்த இடத்திலேயே நியாயமான காரணத்தால் விற்கப்பட்டால்தான். விற்ற செலவு 20,000 என்றால் கைக்கு வந்தது 2,80,000. அதை 11,00,000-இல் கழித்தால் 8,20,000. எந்த இடத்தில் விற்றது என்பதைப் பொறுத்து முறை மாறுகிறது. சர்வேயர் அறிக்கையில் எந்த முறை போட்டிருக்கிறார் என்று பாருங்கள். பிரீமியத்தை மிச்சம் பிடிக்க அதே சரக்குக்கு 6,00,000-க்குப் பாலிசி எடுத்திருந்தால் முதல் கணக்கில் கிடைப்பது 4,50,000 மட்டுமே. மிச்சம் பிடித்த பிரீமியம் சில நூறு இருக்கும்.

சாம்பல் மட்டும் இருந்தால்

2010 செப்டம்பர் 3-ஆம் தேதி துபாயிலிருந்து ஜெர்மனியின் கொலோன் நகருக்குக் கிளம்பிய யு.பி.எஸ். கம்பெனியின் போயிங் 747 சரக்கு விமானத்தில், கிளம்பிய 22 நிமிடத்தில் தீ எச்சரிக்கை வந்தது. திரும்பி வர முயன்றார்கள். விமானியறை முழுவதும் புகை. விமானம் துபாய்க்கு அருகே விழுந்து நொறுங்கியது. இரண்டு விமானிகளும் மாண்டனர். ஹாங்காங்கிலிருந்து வந்த அந்தச் சரக்கில் லித்தியம் பேட்டரிகள் ஏராளமாக இருந்தன. ஐக்கிய அரபு அமீரகத்தின் விசாரணை அறிக்கை 2013-இல் வந்தது. பேட்டரிகள் இருந்த சரக்குப் பகுதியில்தான் தீ தொடங்கியது என்றும், அபாயப் பொருள் என்று அறிவித்திருக்க வேண்டிய பேட்டரிச் சரக்குகள் குறைந்தது மூன்று அப்படி அறிவிக்கப்படாமலேயே ஏற்றப்பட்டிருந்தன என்றும் அது கூறியது.

இப்படி எல்லாம் எரிந்த இடத்தில் சர்வேயர் எதைப் பார்த்து மதிப்பிடுவார்? காகிதத்தை. சரக்கே இல்லாத இடத்தில் காகிதம்தான் சரக்கு. ஏர்வே பில், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், விமான நிலையக் கிடங்கில் ஏற்றுக்கொண்டதற்கான எடைச்சீட்டு, சுங்கத்தில் தாக்கல் செய்த ஏற்றுமதிப் பில், விமானக் கம்பெனியின் சரக்குப் பட்டியல் ஆகியவற்றை வரிசையாக வைத்து ஒத்துப் பார்ப்பார். சரக்கு உண்மையில் அந்த விமானத்தில் ஏறியதா என்பதே முதல் கேள்வி. இடமில்லை என்று ஒரு பகுதியைக் கிடங்கிலேயே நிறுத்தி அடுத்த விமானத்தில் அனுப்புவது சாதாரணமாக நடப்பது. நாம் எல்லாம் போயிற்று என்று கிளெய்ம் போட்டிருப்போம். பாதிச் சரக்கு கிடங்கில் உட்கார்ந்திருக்கும்.

அடுத்தது விலை. சுங்கத்துக்கு ஒரு பில், வாங்குகிறவருக்கு ஒரு பில், இன்சூரன்ஸுக்கு ஒரு பில் என்று வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். சரக்கு கண்ணெதிரே இருந்தால் அதைக் காட்டி வாதாடலாம். எரிந்துபோனதற்குக் குறைந்த விலை காட்டிய பில்லே சாட்சியாகிவிடும். சங்கக் கூட்டங்களில் இதைப் பேசக் கூச்சப்படுகிறோம்; ஆனால் நடக்கிறது.

ஓப்பன் பாலிசி வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு முறை சரக்கு அனுப்பும்போதும் கம்பெனிக்கு அறிவிக்கும் டிக்ளரேஷனை ஒழுங்காகக் கொடுத்து வர வேண்டும். பத்து முறை அனுப்பியதற்கு டிக்ளரேஷன் இல்லை, விபத்தான பதினோராவது சரக்குக்கு மட்டும் விபத்துக்கு மறுநாள் தேதியிட்ட டிக்ளரேஷன் வருகிறது என்றால், எந்த சர்வேயரும் புருவத்தை உயர்த்தத்தான் செய்வார்.

விமானத்தில் என்ன இருந்தது என்பதே வருடக்கணக்கில் விவகாரமானதும் உண்டு. 1992 அக்டோபர் 4-ஆம் தேதி இஸ்ரேலின் எல் அல் கம்பெனியின் 747 சரக்கு விமானம் ஆம்ஸ்டர்டாமில் பெல்மர் பகுதி அடுக்குமாடி வீடுகள்மேல் விழுந்து 43 பேர் இறந்தார்கள். அதில் ஒரு ரசாயனப் பொருளும் இருந்தது என்ற விவரம் 1998-இல்தான் வெளியே வந்தது. நெதர்லாந்து நாடாளுமன்றமே விசாரணை நடத்தியது. அரசாங்கத்துக்கே காகிதம் கைக்கு வர ஆறு வருடம் ஆகுமானால், காய்கறி வியாபாரி தன் நகலைத் தன்னிடம் வைத்திருப்பதுதான் புத்திசாலித்தனம். அசலும் நகலும் எல்லாமே கிளியரிங் ஏஜெண்டிடம் இருக்கட்டும் என்று விட்டுவிடுவது நம் பழக்கம். அவருக்கு அன்றைக்கு நூறு பேர் தொலைபேசி போடுவார்கள்.

துபாய் விபத்தில் நமக்கு இன்னொரு செய்தியும் இருக்கிறது. பேட்டரி நம் கடைச் சரக்கல்ல என்று தோன்றும். ஆனால் கற்பூரம்? தீப்பெட்டி? இரண்டுமே விமானச் சரக்கு விதிகளில் தீப்பிடிக்கும் அபாயப் பொருள்கள். வெளிநாட்டுத் தமிழர் கடைகளுக்கு அனுப்பும் பூஜைச் சாமான் பெட்டிகளில் ஊதுவத்தி, குங்குமம், விபூதியோடு கற்பூரப் பொட்டலத்தையும் போட்டு, பில்லில் "பூஜைப் பொருள்கள்" என்று ஒரே வரியில் எழுதி அனுப்பினால் அது அறிவிக்காத அபாயச் சரக்கு. விபத்துக்கு அதுவே காரணமாக இல்லாவிட்டாலும், பேக்கிங் லிஸ்டைப் பிரித்துப் பார்க்கும் சர்வேயர் அதை எழுதத்தான் செய்வார். உண்மையை மறைத்தார் என்று கிளெய்மை மறுக்கக் கம்பெனிக்கு வழி கிடைத்துவிடும். அதைவிடப் பெரிது, அதே விமானத்தில் போகிற உயிர்கள்.

தாமதம் நஷ்டமல்ல என்கிறது பாலிசி

பூவும் காயும் அனுப்புகிறவர்கள் இந்தப் பகுதியைக் கட்டாயம் படிக்க வேண்டும். 2012 அக்டோபர் 13-ஆம் தேதி பிரேசில் நாட்டின் காம்பினாஸ் விமான நிலையத்தில் செஞ்சுரியன் கம்பெனியின் எம்.டி.-11 சரக்கு விமானம் இறங்கும்போது சக்கரத் தொகுதி உடைந்து ஓடுபாதையிலேயே உட்கார்ந்துவிட்டது. அங்கே இருப்பது ஒரே ஓடுபாதை. சுமார் 45 மணி நேரம் விமான நிலையம் மூடப்பட்டது.

இம்மாதிரி அடைப்பில் அடுத்தடுத்த விமானங்களில் போக வேண்டிய மல்லிகைப்பூ கிடங்கில் கருகிப்போனால் யார் கொடுப்பது? சரக்குப் பாலிசி கொடுக்காது. தாமதத்தால் நேரும் நஷ்டத்தை விமானச் சரக்கு ஷரத்துகள் வெளிப்படையாக விலக்கியிருக்கின்றன. அந்தத் தாமதம் இன்சூர் செய்யப்பட்ட ஓர் அபாயத்தாலேயே வந்தாலும் சரி. அனைத்து அபாயப் பாலிசி என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். பொருளின் இயற்கையான அழுகல், போதாத பேக்கிங், சாதாரண எடைக்குறைவு இவையும் வெளியே. ஆகவே சர்வேயர் அழுகிய பெட்டியைப் பார்த்ததும் முதலில் கேட்பது, இது அடிபட்டதால் அழுகியதா, காத்துக் கிடந்ததால் அழுகியதா என்பதே. குளிர்ப்பெட்டி உடைந்து கெட்டது வேறு. உடையாத பெட்டியில் நாள் கடந்து கெட்டது வேறு. இரண்டும் கலந்திருந்தால் அவர் பிரித்து எழுத வேண்டும். ஏற்றும்போது இருந்த வெப்பநிலைக் குறிப்பும், பறித்த நாளும் நம் கையில் இருந்தால் அந்தப் பிரிவினை நமக்குச் சாதகமாக வரும்.

பதினான்கு நாள்

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிவிட்டால் போதும் என்று விமானக் கம்பெனிக்கு எழுதாமல் விடுவது மிகப் பெரிய பிழை. சர்வதேச விமானப் போக்குவரத்துக்கான மாண்ட்ரியல் உடன்படிக்கையில் இந்தியா 2009-இல் சேர்ந்தது. அதன்படி சேதமான சரக்கைப் பெற்றுக்கொண்டால், பெற்ற நாளிலிருந்து 14 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தாமதமாக வந்ததென்றால் 21 நாள். ஒன்றும் எழுதாமல் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டால், சரக்கு நல்ல நிலையில் வந்தது என்றே முதலில் கொள்ளப்படும். கெடு தாண்டினால், விமானக் கம்பெனி ஏமாற்றிய விஷயமாக இருந்தாலொழிய, அவர்கள்மேல் வழக்குப் போகவே முடியாது. வழக்குப் போட வெளி எல்லை இரண்டு வருடம்.

நமக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கிறதே, விமானக் கம்பெனியை ஏன் பகைக்க வேண்டும் என்று கேட்கலாம். இன்சூரன்ஸ் கம்பெனி நமக்குப் பணம் கொடுத்த பிறகு, நம் இடத்தில் நின்று விமானக் கம்பெனியிடம் வசூல் செய்யும். அதற்காகவே நம்மிடம் உரிமை மாற்றுக் கடிதம் வாங்குகிறது. நாம் 14 நாளைத் தவறவிட்டால் அவர்களுடைய வசூல் வழி அடைபடும். விமானக் கம்பெனிமீதான உரிமைகளைக் காப்பது சரக்குக்காரர் கடமை என்று பாலிசியில் இருப்பதால், அந்த நஷ்டத்தை நம் தலையில் கழிப்பார்கள். டெலிவரி எடுக்கும்போதே ரசீதில் "சேதம், சர்வேக்கு உட்பட்டது" என்று எழுதிக் கையெழுத்திடச் சொல்லி அந்த ஊர் வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சர்வேயர் பார்க்கும் முதல் காகிதங்களில் அதுவும் ஒன்று.

விமானக் கம்பெனியின் பொறுப்புக்கு எடைக் கணக்கில் உச்சவரம்பு உண்டு. உடன்படிக்கையின்படி 2024 டிசம்பர் 28 முதல் கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர். எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நிதியத்தின் கணக்குப் பணம். இந்தத் தொகை ஏறத்தாழ 35 டாலர் அளவில் வரும். கத்தரிக்காய்க்கும் முருங்கைக்காய்க்கும் இது தாராளம். ஏலக்காய்க்கும் பெரும்பாலும் போதும். குங்குமப்பூவுக்கு எந்த மூலைக்கும் காணாது. அப்படிப்பட்ட சரக்குக்குத் தனி மதிப்பை முன்கூட்டி அறிவித்து, கூடுதல் கட்டணம் கட்டி வரம்பை உயர்த்திக்கொள்ள உடன்படிக்கையில் இடம் இருக்கிறது. இல்லையென்றால் பாலிசி ஒன்றே துணை. உள்நாட்டு விமானச் சரக்குக்கு வரம்பு வேறு.

சர்வேயர் எழுதியதே முடிவா?

இல்லை. இந்தியாவில் நேர்ந்த நஷ்டத்துக்கு, குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட கிளெய்ம்களில் லைசென்ஸ் பெற்ற சர்வேயரின் அறிக்கை இல்லாமல் கம்பெனி பணம் கொடுக்கக் கூடாது என்று 1938-ஆம் வருட இன்சூரன்ஸ் சட்டத்தின் 64-யு.எம். பிரிவு சொல்கிறது. அந்தத் தொகை முன்பு 20,000 ரூபாய் என்று சட்டத்திலேயே இருந்தது. 2015 திருத்தத்துக்குப் பிறகு ஆணையம் விதிகளின் மூலம் நிர்ணயிக்கிறது. அதே பிரிவு, சர்வேயர் மதிப்பிட்டதிலிருந்து மாறுபட்ட தொகையைத் தரவும் கம்பெனிக்கு உரிமை கொடுத்திருக்கிறது. வெளிநாட்டில் விழுந்த விமானத்துக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. அங்கே பாலிசியில் உள்ள சர்வே ஷரத்துதான். அப்படிப்பட்ட இடங்களில் சர்வே கட்டணத்தை முதலில் சரக்குக்காரரே கட்டிவிட்டு, கிளெய்ம் செல்லுபடியானதும் சேர்த்து வாங்கிக்கொள்வது வழக்கம். கட்டணம் கேட்டதும் லஞ்சம் கேட்கிறார் என்று சந்தேகப்பட வேண்டாம். ரசீது வாங்கி வையுங்கள்.

சர்வேயரின் அறிக்கைக்கு மதிப்பு உண்டு, ஆனால் அதுவே கடைசி வார்த்தையல்ல, தகுந்த சாட்சியம் இருந்தால் அதிலிருந்து விலகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் தீர்ப்பளித்தது. அதே வருடம் இன்னொரு தீர்ப்பில், முதல் அறிக்கை பிடிக்கவில்லை என்பதற்காகத் தக்க காரணம் சொல்லாமல் சர்வேயருக்கு மேல் சர்வேயராகக் கம்பெனி நியமித்துக்கொண்டே போக முடியாது என்றும் சொன்னது. இரண்டும் வியாபாரிகளுக்குப் பயன்படும் தீர்ப்புகள். சர்வேயர் கம்பெனியிடம் கட்டணம் வாங்குகிறவர்தான். ஆயினும் கம்பெனியின் ஊழியர் அல்லர், நம்முடைய வக்கீலும் அல்லர். அவரை விருந்து வைத்து வசப்படுத்தப் பார்ப்பவர்களும், எதிரியாக நினைத்துக் காகிதத்தை ஒளிப்பவர்களும் ஒரே அளவுக்கு நஷ்டப்படுகிறார்கள்.

அறிக்கை வந்ததும் பிரதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எடை, பெட்டி எண்ணிக்கை, சால்வேஜ் விலை, கணக்கு முறை ஆகியவற்றை உங்கள் காகிதங்களோடு ஒப்பிடுங்கள். மாறுபாடு இருந்தால் எந்த வரியில் என்று குறித்துக் கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். "முழுத் திருப்தி, இறுதித் தீர்வு" என்று அச்சடித்த வவுச்சரில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். போட்ட பிறகு வாதாடுவது கடினம். கம்பெனி மறுத்தாலோ, குறைத்துக் கொடுத்தாலோ, தனி உரிமையாளர் கடைகளும் மிகச் சிறு தொழில்களும் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி மனுச் செய்யலாம். சென்னையில் அவருக்கு அலுவலகம் இருக்கிறது. கம்பெனியின் மறுப்புக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு போய்ச் சேர வேண்டும். கூட்டு வியாபாரமாக நடக்கும் பெரிய மண்டிகளுக்கு நுகர்வோர் ஆணையமோ சிவில் நீதிமன்றமோதான் வழி. எங்கே போனாலும் கூடவே போக வேண்டியவை சர்வே அறிக்கையின் பிரதியும், அதற்கு நீங்கள் எழுதிய ஆட்சேபக் கடிதமும், பதிவுத் தபால் ரசீதும்.